ஏரிக்கரை விடுதியில் மூன்று நாட்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

நான்கு ஊர் பார்த்தால்தான் நல்லறிவு வளரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேசின் பிரிட்ஜில் பிறந்து வளர்ந்த எனக்கோ ஊர்களைப் பார்க்காமலேயே ஊர்ப் பெயர்கள் மட்டும் மனப்பாடம். என் தந்தை அங்குள்ள இரயில் பெட்டிப் பராமரிப்பு யார்டில் ஃபிட்டராக வேலை செய்கிறார். சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகளில் பல, எங்கள் யார்டுக்கு வந்து கழுவித் துடைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே பயணிகளிடம் போகும். பெட்டிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன் என்று என் பாட்டி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அத்தகைய எனக்குச் சென்ற காலாண்டு விடுமுறையில் ஒரு நற்செய்தி கிடைத்தது. தந்தையின் இரயில்வே பாஸில் நாங்கள் நால்வரும் ஊட்டிக்குப் போகப் போகிறோம் என்றார் அம்மா. கோடை சீசன் முடிந்துவிட்டதால் ஏரிக்கரையில் உள்ள ஒரு விடுதியில் குறைந்த வாடகைக்கு அறை கிடைத்ததாம். என் தம்பி அன்றிரவே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கத் தூங்கினான்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டது. சில நிமிடங்களில் எங்கள் பேசின் பிரிட்ஜ் விளக்குகள் ஜன்னலில் ஓடி மறைந்தன. மறுநாள் காலை மேட்டுப்பாளையத்தில் மலை இரயிலில் ஏறினோம். அதைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னால் தந்தை ஒரு புத்தகமே எழுதுவார். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் ஊட்டி வரையிலும் திறக்கப்பட்ட பாதை அது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட ஓர் இருப்புப் பாதை உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தந்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிக் குனிந்து பார்த்து, முகமெல்லாம் கரியோடு திரும்பி வந்தார்.

ஊட்டியில் நாங்கள் தங்கிய விடுதியின் முகப்பு எங்களை மிகவும் கவர்ந்தது. பெரிய பீப்பாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற வளைந்த கூரை. அதன் கீழே கண்ணாடிக் கதவு. "தோடர் வீட்டு மாடல்" என்று மேலாளர் பெருமையுடன் விளக்கினார். உள்ளே போனால் திரைச்சீலை, மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றிலும் வெள்ளை நிறத்தின் மேல் சிவப்பும் கறுப்புமாகக் கோலங்கள். கூடத்துச் சுவரில் ஒரு மூதாட்டியின் பெரிய படம். தோளின் இருபுறமும் சுருள் சுருளாகத் தொங்கும் கூந்தல், உடலைச் சுற்றிய சால்வை, எங்கோ தொலைவைப் பார்க்கும் கண்கள். வருகிறவர்கள் அதே போன்ற சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் படத்தின் அருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம்.

எங்கள் அறையிலிருந்து ஏரி தெரிந்தது. அதிகாலையில் தண்ணீரின் மேல் பனிமூட்டம் பஞ்சு போலப் படிந்து கிடக்கும். யூக்கலிப்டஸ் மரங்களின் வாசனை ஜன்னலைத் திறந்ததும் மூக்கில் ஏறும். ஆனால் அம்மாவை அதிகம் மகிழ்வித்தது ஏரியல்ல, குளியலறைக் குழாய்தான். காலை 6 மணி முதல் 8 மணி வரை அதில் வெந்நீர் வரும். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் நாளில் குடங்களை வரிசையில் வைத்துக் காவல் காப்பவர் என் அம்மா. குழாயைத் திருகியதும் ஆவி பறக்கக் கொட்டிய வெந்நீரைப் பார்த்து, "இதுக்காகவே இன்னும் ஒரு வாரம் இருக்கலாம் போல" என்றார்.

அந்த ஏரி இயற்கையாக உண்டானதன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1823 முதல் 1825 வரை ஓர் ஓடையின் குறுக்கே அணை கட்டி உருவாக்கியது. முன்பு அது இன்னும் நீளமாக இருந்ததாம். இப்போது பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடங்கள் கூட ஏரியாக இருந்தவையே. அந்த ஏரிக்கும் முன்னால் அங்கே புல்வெளி இருந்தது. அந்தப் புல்வெளிகளில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. தோடர்களின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். உதகமண்டலம் என்ற பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மந்துதான் என்பார்கள்.

இரண்டாம் நாள் காலைச் சிற்றுண்டியின் போது ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. பக்கத்து மேசையில் இருந்த வெளியூர் அம்மையார் ஒருவர் மிக அன்பாக, "எந்த ஊர் பாப்பா நீங்க?" என்று கேட்டார். "பேசின் பிரிட்ஜ், ஆன்ட்டி" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. "அய்யோ, வடசென்னையா! அங்கே எல்லாம் ஒரே வெட்டு குத்துன்னு சினிமாவிலே காட்டறாங்களே, எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே இரக்கப்பட்டார். தந்தை இட்லியைப் பிட்டபடியே புன்னகை செய்தார். அம்மா, "எல்லா ஊரையும் போலத்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அன்று இட்லி இறங்கவில்லை. எங்கள் தெருவில் விடியற்காலை 4 மணிக்குக் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் அக்காமார்கள் இருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து வரும் இரயில்வே தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வீட்டில் மின்சாரம் நின்றால் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்கும் என் தோழிகள் இருக்கிறார்கள். எங்களைப் படம் எடுத்தவர்கள் எவரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்கள் யார்?" என்று கேட்டதில்லை. அப்படி யோசித்துக்கொண்டே நிமிர்ந்தபோது சுவரில் இருந்த மூதாட்டி என் கண்ணில் பட்டார். எழுந்து போய் மேலாளரிடம், "சார், இந்தப் பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டேன். "பேரெல்லாம் தெரியாதும்மா. யாரோ தோடர் பாட்டி. கடையிலே வாங்கின படம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் 'யாரோ' என்ற அந்தச் சொல் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

அன்று பகலில் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1840-களின் கடைசியில் மெக்கைவர் என்ற தோட்டக்கலை நிபுணர் அமைக்கத் தொடங்கிய பூங்கா அது. பூங்காவின் மேட்டுப் பகுதியில் ஒரு தோடர் மந்து இருக்கிறது என்று அறிந்து, அங்கே ஏறிப் போனோம்.

அங்கே நான் கண்ட முதல் காட்சி, சாதாரணமான வீடுகளே. நம் ஊரில் இருப்பவை போன்ற காரை வீடுகள், வாசலில் உலரும் பள்ளிச் சீருடை. சற்றுத் தள்ளிப் பழைய முறை வீடு ஒன்று இருந்தது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்து, சுற்றிலும் கற்சுவர் எழுப்பியிருந்தார்கள். விடுதியின் முகப்பு அதைப் பார்த்து வரையப்பட்டதுதான், ஐயமில்லை. ஆனால் வாசலைப் பார்த்ததும் வேறுபாடு புரிந்தது. உண்மையான வாசல் 3 அடி உயரம்தான் இருக்கும். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். குளிர்காற்றும் காட்டு விலங்குகளும் உள்ளே புகாதிருக்க அப்படி அமைத்தார்கள். விடுதியில் யாரும் குனிய வேண்டியதில்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில், வெயிலில் முதுகைக் காட்டியபடி ஒரு பாட்டி தைத்துக்கொண்டிருந்தார். "பார்க்கலாமா பாட்டி?" என்று அம்மா கேட்டார். "பாரு, பாரு, உட்காரு" என்று தமிழிலேயே சொல்லித் தன் துணியை நீட்டினார். என் அம்மா வீட்டிலிருந்தபடியே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தும், ரவிக்கைகளுக்கு ஹெம்மிங் செய்தும் கொடுப்பவர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். முன்பக்கம் ஏமாற்றும், பின்பக்கம் ஏமாற்றாது என்பது அவர் கொள்கை. அன்றும் அப்படியே திருப்பினார். திருப்பியவர் அசந்து போனார். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சொல்ல முடியாதபடி இரண்டும் அழகாக இருந்தன.

பாட்டி கலகலவென்று சிரித்தார். "உனக்குத் தையல் தெரியுது! வர்றவங்க யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்க" என்றார். பிறகு இருவரும் நெடுநாள் பழகியவர்கள் போலப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தோடர் பெண்கள் துணியின் மேல் கோடு வரைவதில்லை, மாதிரியை ஒட்டுவதில்லை. துணியின் இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணி எண்ணியே ஊசியை ஏற்றுகிறார்கள். ஓர் இழை தவறினால் வரிசை முழுவதும் கோணிவிடும். எருமைக் கொம்பு, மலை, பூ என்று ஒவ்வொரு கோலத்திற்கும் ஒரு பெயர் உண்டு. இவ்வாறு பூத்தையலிட்ட பெரிய சால்வைக்குப் 'பூத்துக்குளி' என்று பெயர். ஒரு முழுச் சால்வைக்கு எத்தனை நாள் ஆகும் என்று அம்மா கேட்டார். "சமையல், மாடு, பேரப்பிள்ளை எல்லாம் பார்த்துட்டு உட்காரணுமே. மாசக்கணக்கு ஆகும்" என்றார் பாட்டி.

விடுதியில் உள்ள விரிப்புகளைப் பற்றி அம்மா சொன்னார். பாட்டி உதட்டைப் பிதுக்கினார். "அது அச்சு. அதுக்கு ஒரு பக்கந்தான் உண்டு. எங்க துணிக்கு ரெண்டு பக்கமும் உண்டு" என்றார்.

என் தோழியரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன். விடுதிச் சுவரும், வடசென்னையைக் காட்டும் திரைப்படமும் அச்சுத் துணிகளைப் போன்றவை. ஒரு பக்கம் மட்டும் உண்டு. திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை.

நான் அவருடைய பெயரைக் கேட்டேன். சொன்னார். அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். எங்கள் பள்ளி மலரில் உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது கண்ணு, ஆனா பேரு எதுக்கு, வேண்டாம்" என்றார். ஆகவே இங்கே பெயர் இல்லை. அவரே வேண்டாம் என்றதால் இல்லை. யாருக்கும் தெரியாததால் இல்லாமற் போகவில்லை.

அம்மா ஒரு சிறிய கைப்பை வாங்கினார். தம்பிக்குக் குதிரைச் சவாரிக்கென்று எடுத்து வைத்திருந்த பணமும் அதில் சேர்ந்துவிட்டது. காய்கறிக் கடையில் ஒரு ரூபாய்க்கும் பேரம் பேசும் அம்மா, அங்கே கேட்ட விலையை எண்ணிக் கொடுத்தார். வழியில் தந்தை கேட்டதற்கு, "நான் நாலு நாள் கண்ணு வலிக்கத் தைச்சதை ஒருத்தர் குறைச்சுக் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியாதா?" என்றார். தம்பி மட்டும் பூங்கா வாசல் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பிய பின் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் 1901-02 ஆண்டுகளில் நீலகிரிக்கு வந்து தோடர்களுடன் பழகி, 1906-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அன்று அவர்கள் ஆயிரம் பேர் கூட இல்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கில் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களுடைய மொழி நம் தமிழைப் போலத் திராவிட மொழி. அவர்கள் தங்களை 'ஓள்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். மனிதர் என்று பொருள். நம்முடைய 'ஆள்' என்ற சொல்லும் அதுவும் உடன்பிறப்புகள்! புல்வெளிகளில் பெரும் பகுதி தேயிலைத் தோட்டங்களாகவும் யூக்கலிப்டஸ், சீகை மரக் காடுகளாகவும் மாறிவிட்டதால் எருமைகளுக்கு மேய்ச்சல் குறைந்து போனது. 2013-ஆம் ஆண்டு தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எவரும் தம் சரக்கை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று சட்டம் அதனால் காவல் நிற்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, புவியியல் கற்பிக்கும் எங்கள் சிஸ்டர் உலகப் படத்தை விரித்தார்கள். ஜப்பானின் வட கோடியில் ஹொக்கைடோ என்ற பெருந்தீவு. அங்கே அக்கான் என்ற ஏரி. எரிமலைப் பூமி ஆகையால் கரையிலேயே வெந்நீர் ஊற்றுகள் பொங்குகின்றன. அதைச் சுற்றி விடுதிகள். (அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அங்கே எட்டு மணிக்கு மேலேயும் வெந்நீர் வருமா?" என்று கேட்டார்.) அவ்விடுதிகள் சிலவற்றில் அய்னு என்ற பழங்குடியினரின் மரச் சிற்பங்களும், சுழிக் கோலங்களும் சுவரெங்கும் அழகு செய்கின்றன. அய்னு என்ற சொல்லுக்கும் மனிதர் என்றே பொருள் என்று சிஸ்டர் சொன்னதும் எனக்கு உடல் சிலிர்த்தது. கடல்களுக்கு அப்பால் உள்ள இரண்டு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், தமக்கு ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர்களுடைய கதையிலும் துயரம் உண்டு. அரசு அவர்களுடைய நிலத்தை எடுத்துக்கொண்டு, மான் வேட்டைக்கும் சால்மன் மீன்பிடிக்கும் தடைகள் விதித்தது. 1899-ல் 'பாதுகாப்பு' என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. அதன் நோக்கம் அவர்களை உழவர்களாகவும் ஜப்பானியர்களாகவும் மாற்றுவதே. அது 1997-ல்தான் நீக்கப்பட்டது. 2019-ல் வந்த புதிய சட்டம் அவர்களை ஜப்பானின் முதுகுடிகள் என்று ஏற்றுக்கொண்டது. அக்கான் ஏரிக்கரையில் 1959-ஆம் ஆண்டு, நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி தம் நிலத்தை அய்னு மக்களின் பயன்பாட்டுக்கு அளித்தார். அங்கே அவர்களுடைய சிற்றூர் ஒன்று உருவானது. இன்று அதே ஊரில் அய்னு சிற்பிகள் தம் கடைகளில் அமர்ந்து செதுக்குகிறார்கள். அய்னு மக்கள் தாங்களே அரங்கில் ஆடுகிறார்கள். அந்த ஆடலை 2009-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. விடுதியில் தங்குகிறவர் நாலடி நடந்தால், சுவரில் கண்ட கோலத்தைச் செய்தவரையே சந்திக்கலாம். குறைகள் அங்கும் இருக்கும். இருந்தாலும் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விடுதியை விட்டுப் புறப்படும்போது விருந்தினர் குறிப்பேட்டை நீட்டினார்கள். எனக்கு முன்னால் எழுதியவர்கள் 'அருமை', 'மிக அருமை' என்று எழுதியிருந்தார்கள். நான் சற்று யோசித்துவிட்டு இப்படி எழுதினேன்: "அறையும் வெந்நீரும் ஏரியும் மிக நன்று. கூடத்தில் உள்ள பாட்டியின் பெயரைத் தேடிப் படத்தின் கீழே எழுதினால் இன்னும் நன்று. மேசை விரிப்பில் ஒன்றாவது மந்தில் உள்ளவர்கள் கையால் தைத்ததாக இருந்தால், அவர்களுக்கும் வருமானம், உங்களுக்கும் பெருமை." அதன் கீழே கையெழுத்திட்டு, ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் 'பேசின் பிரிட்ஜ், வடசென்னை' என்று எழுதினேன்.

மேலாளர் படித்தார். தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே. அடுத்த சீசனுக்குள்ளே பார்க்கலாம்" என்றார். பார்ப்பாரோ, மாட்டாரோ, நான் அறியேன். தந்தை மட்டும் என் தோளில் கை வைத்து, ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அம்மா வாங்கிய கைப்பை இப்போது எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தின் மேல் மாட்டியிருக்கிறது. ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்பார்கள். அம்மா உடனே அதன் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, செய்தவரின் பெயரையும் ஊரையும் சொல்லுவார். தோழியரே, இனி நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், எந்த விடுதியில் தங்கினாலும், சுவரில் ஒரு கோலத்தையோ ஒரு முகத்தையோ கண்டால், "இது யாருடையது?" என்று கேளுங்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கப் பணம் வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் வேண்டாம். அப்படியே என்றாவது பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். தண்ணீர் லாரி வந்த நாளாக இருந்தால் வெந்நீரும் கிடைக்கும்.